வெள்ளைதான் ஜெயிக்கும்!

ஒரு சாமியார் வந்து கதவைத் தட்டினார்.

1297-ம் வருடம், ஜனவரி 8. மத்தியதரைக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரு பாறை. பாறையின் உச்சியில் ஜெனோவாக்காரர்கள் 1215-ல் அஸ்திவாரம் போட்டுக் கட்டிய கோட்டை. வாசலில் நிற்பவர் பிரான்சிஸ்கன் துறவி. குளிர்காலம் வேறு. பாவம், ஒதுங்க இடம் கேட்கிறார். கொடுத்தால் என்ன?

கதவைத் திறந்தார்கள். அங்கிக்குள்ளிருந்து கத்தி வெளியே வந்தது.

வந்தவர் சாமியாரும் இல்லை, பூதமும் இல்லை. பெயர் பிரான்செஸ்கோ கிரிமால்டி. ஜெனோவாவில் கோஷ்டிச் சண்டை போட்டுத் தோற்று, ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. 'மலிஸியா' என்று பட்டப்பெயர். தந்திரக்காரன் என்று அர்த்தம். கதவு திறந்ததும் இருட்டில் பதுங்கியிருந்த அவரது ஆட்கள் உள்ளே பாய்ந்தார்கள். கோட்டை கைமாறிவிட்டது.

நாலு வருடத்தில் அவரை மறுபடி துரத்திவிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் அந்தக் குடும்பம் அந்தப் பாறையை மறக்கவில்லை. வருவார்கள், போவார்கள், சண்டை போடுவார்கள், பேரம் பேசுவார்கள். கடைசியில் 1419-ல் காசு கொடுத்தே வாங்கிவிட்டார்கள். நடுவே பிரெஞ்சுப் புரட்சி வந்து கொஞ்ச காலம் பிடுங்கி வைத்திருந்தது தவிர, இன்றுவரை அந்தப் பாறை கிரிமால்டி குடும்பத்தின் சொத்து.

அந்தப் பாறைதான் மொனாக்கோ.

உலகத்தின் மிகப் பெரிய பணக்காரர்கள் படகு நிறுத்துகிற இடம். ஃபார்முலா ஒன் கார்கள் கடைவீதியில் பறக்கிற இடம். ஜேம்ஸ் பாண்ட் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு சீட்டாடுகிற இடம். மொத்தப் பரப்பளவு சுமார் இரண்டு சதுர கிலோ மீட்டர். காலையில் காபி குடித்துவிட்டு நடக்க ஆரம்பித்தால், மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு தேசத்தையே குறுக்கும் நெடுக்குமாக அளந்துவிடலாம்.

வாருங்கள், அளப்போம்.

*

பிரான்ஸின் தென்கோடியில் நீஸ் என்று ஒரு நகரம். விமானத்தில் வருகிறவர்கள் அங்கேதான் இறங்கவேண்டும். மொனாக்கோவுக்கென்று தனி விமான நிலையம் கிடையாது. வைக்க இடம் எங்கே இருக்கிறது? காசு இருக்கிறவர்கள் ஹெலிகாப்டரில் போவார்கள். நாம் ரயிலில் போவோம். அரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். எல்லையில் பாஸ்போர்ட் பார்க்கிற வழக்கமெல்லாம் இல்லை. பிரான்ஸுக்கு விசா வாங்கியிருந்தால் போதும். எப்போது பிரான்ஸ் முடிந்தது, எப்போது மொனாக்கோ தொடங்கியது என்பதே தெரியாது.

ரயில் நிலையம் பூமிக்கு அடியில். மலையைக் குடைந்து கட்டியிருக்கிறார்கள். வெளியே வந்து இறங்கினால் துறைமுகம். கடலைப் பார்த்து நின்றுகொள்ளுங்கள். வலது பக்கம் நிமிர்ந்து பாருங்கள். பாறை. மேலே அரண்மனை. இடது பக்கம் திரும்புங்கள். இன்னொரு மேடு. அதுதான் மான்டி கார்லோ. வலது பக்கம் ராஜா. இடது பக்கம் ரௌலட் சக்கரம். மொனாக்கோவின் சரித்திரம் மொத்தமும் இந்த இரண்டு மேடுகளுக்கு நடுவே நடந்த கொடுக்கல் வாங்கல்தான்.

முதலில் வலது பக்கம் ஏறலாம். அரண்மனை வாசலில், அங்கி போர்த்திய சாமியார் ஒருவரின் சிலை இருக்கும். கையைக் கவனியுங்கள். கத்தி. நம்ம மலிஸியாதான். அந்த நாட்டின் ராஜமுத்திரையிலேயே இரண்டு சாமியார்கள் ஆளுக்கொரு வாளை ஏந்திக்கொண்டு நிற்பார்கள். ஏமாற்றித்தான் பிடித்தோம் என்பதை மறைக்காமல், முத்திரை குத்தி வைத்திருக்கிற வம்சம் உலகத்தில் வேறெங்காவது உண்டா, தெரியவில்லை.

பகல் 11.55-க்குக் காவலர்கள் பணி மாறும் சடங்கு நடக்கும். பத்து நிமிட வேடிக்கை. பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நடந்தால் ஒரு தேவாலயம். உள்ளே ஒரு கல்லறை. எப்போதும் அதைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். அந்தக் கல்லறைக்குப் பிறகு வருவோம்.

இப்போது ஒரு கேள்வி. நூற்று எழுபது வருடம் முன்னால் நீங்கள் இதே இடத்தில் வந்து நின்றிருந்தால் என்ன தெரிந்திருக்கும்?

ஒன்றும் தெரிந்திருக்காது. ஏழ்மை தெரிந்திருக்கும்.

*

மொனாக்கோ அப்போது இன்னும் பெரிய நாடு. பக்கத்தில் மென்டன், ரோக்புரூன் என்று இரண்டு ஊர்கள் அதற்குச் சொந்தம். எலுமிச்சையும் ஆலிவும் விளைகிற ஊர்கள். நாட்டின் பரப்பளவில் இருபதில் பத்தொன்பது பங்கு அந்த இரண்டு ஊர்தான். ராஜாங்கத்துக்கு வருமானமும் அங்கிருந்துதான். ஆகவே ராஜா என்ன செய்தார்? வரி போட்டார். மேலும் வரி போட்டார்.

1848-ல் அந்த இரண்டு ஊர்களும், 'போதும் சாமி, ஆளை விடு' என்று சொல்லிவிட்டன. அந்த வருடம் ஐரோப்பா முழுக்கப் புரட்சி. இவர்களும் தங்களைச் சுதந்தர நகரங்கள் என்று அறிவித்துக்கொண்டார்கள். ராஜாவுக்கு மிஞ்சியது பாறையும், துறைமுகமும், எதிரே ஆள் இல்லாத அந்த இன்னொரு மேடும். 1861-ல் இளவரசர் மூன்றாம் சார்லஸ் போனது போகட்டும் என்று, அந்த இரண்டு ஊர்களையும் 40 லட்சம் பிராங்குக்குப் பிரான்ஸிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். பதிலுக்குப் பிரான்ஸ் அவரது நாட்டைத் தனி நாடாக அங்கீகரித்தது.

நாடு இருக்கிறது, சரி. சோறு?

யோசனை சொன்னவர் அவரது அம்மா, கரோலின். நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்து ராஜ குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர். கணக்கு வழக்கில் கெட்டிக்காரி. ஜெர்மனியில் ஹோம்பர்க் என்று ஒரு சின்ன ஊர், உடம்புக்கு நல்லதென்று ஊற்று நீரில் குளிக்க வருகிறவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு சூதாட்ட விடுதி கட்டிக் கொழுத்துக்கொண்டிருந்தது. இங்கே ஊற்றுக்குப் பதில் கடல் இருக்கிறது. வெயில் இருக்கிறது. என்ன கெட்டுப் போச்சு?

இதில் இன்னொரு சூட்சுமம். பிரான்ஸில் 1837-ம் வருடக் கடைசியோடு சூதாட்ட விடுதிகளை இழுத்து மூடியிருந்தார்கள். பக்கத்து வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டால் நம் வீட்டு வாசலில் இட்லிக் கடை போடலாம் அல்லவா?

மொனாக்கோவின் ஒட்டுமொத்தப் பொருளாதாரத் தத்துவம் இவ்வளவுதான். அன்றும் இன்றும்.

1856-ல் கடை திறந்தார்கள். ஈ ஓட்டியது. காரணம் எளிமையானது. வந்து சேர வழி இல்லை. ரயில் கிடையாது. நல்ல சாலை கிடையாது. தங்க ஹோட்டல் கிடையாது. நீஸிலிருந்து குதிரை வண்டியில் மலைப்பாதையில் இடுப்பொடிய வரவேண்டும். இல்லாவிட்டால் கடல் சீற்றத்துக்குத் தகுந்தபடி ஆடிக்கொண்டு ஒரு படகு. சூதாடிப் பணத்தைத் தொலைக்க இத்தனை கஷ்டப்பட்டு யார் வருவான்? உரிமம் வாங்கியவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையைச் சுட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

அப்போதுதான் பிளாங்க் வந்தார்.

*

பிரான்சுவா பிளாங்க். இவரை அறிமுகப்படுத்த கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

1830-களில் பிரான்ஸ் முழுக்க ஒரு விநோதமான தந்தி இருந்தது. மின்சாரம் இல்லாத தந்தி. மலைக்கு மலை, மேட்டுக்கு மேடு கோபுரங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் மரக் கைகள். ஒரு கோபுரத்துக்காரர் கையை மடக்கி நீட்டிச் சைகை செய்வார். அடுத்த கோபுரத்துக்காரர் தொலைநோக்கியில் பார்த்து அதை அப்படியே திருப்பிச் செய்வார். அவரைப் பார்த்து அடுத்தவர். இப்படியே பாரிஸில் கிளம்பிய சேதி பல நூறு கிலோ மீட்டர் தள்ளிப் போய்ச் சேரும். அரசாங்கத்துக்கு மட்டும்தான் இந்த வசதி. மற்றவர்களுக்கு எல்லாம் தபால் வண்டி. பாரிஸிலிருந்து போர்தோ நகரத்துக்குச் சேதி வர நாட்கள் ஆகும்.

போர்தோவில் பிளாங்கும் அவரது சகோதரர் லூயியும் அரசாங்கப் பத்திரங்களை வாங்கி விற்கிற தொழிலில் இருந்தார்கள். பாரிஸில் விலை ஏறினால் சில நாள் கழித்து இங்கே ஏறும். அங்கே இறங்கினால் இங்கே இறங்கும். அந்தச் சேதி நமக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிட்டால்?

நடுவழியில் தூர் என்கிற ஊரில் இருந்த தந்தி நிலைய ஆளைக் கைக்குள் போட்டுக்கொண்டார்கள். பாரிஸிலிருந்து அவருக்கு ஒரு பார்சல் வரும். உள்ளே இருக்கிற துணியின் நிறத்தை வைத்து விலை ஏறியதா, இறங்கியதா என்று தெரிந்துகொள்வார். உடனே, போய்க்கொண்டிருக்கிற அரசாங்கச் சேதிக்கு நடுவே ஒரு தப்பான சைகையைச் சொருகுவார். கையோடு, 'முந்தையது பிழை, அடித்துவிடவும்' என்கிற சைகையையும் சேர்த்துவிடுவார். பிழையும் திருத்தமும் கோபுரம் கோபுரமாகப் பயணம் செய்யும். போர்தோவில் சேதியை எழுதி எடுக்கிற அதிகாரி அந்தப் பிழையை நீக்கிவிடுவார். யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் கடைசிக் கோபுரத்துக்குப் பக்கத்தில் பிளாங்கின் ஆள் ஒருவன் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்கு வேண்டியது அந்தப் பிழை மட்டும்தான்.

கம்ப்யூட்டர் பிறக்க நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் ஒரு மனுஷன் தகவல் வலையமைப்புக்குள் புகுந்து விளையாடியிருக்கிறான்!

இரண்டு வருடம் ஓடியது. 1836-ல் குட்டு உடைந்தது. 1837-ல் வழக்கு. ஆனால் என்னவென்று தண்டிப்பது? அரசுத் தந்தியைத் தனியார் உபயோகிக்கக்கூடாது என்று அப்போது சட்டமே கிடையாது. லஞ்சம் கொடுத்ததற்கு மட்டும் ஒரு குட்டு வைத்துவிட்டு அனுப்பினார்கள். பிறகுதான் அவசர அவசரமாகச் சட்டம் போட்டார்கள்.

பிறகு சகோதரர்கள் ஜெர்மனி போனார்கள். ஹோம்பர்க். ஆமாம், கரோலின் அம்மாள் பார்த்துப் பொறாமைப்பட்ட அதே ஹோம்பர்க். அந்த விடுதியை அப்படிக் கொழுக்க வைத்தவர்களே இவர்கள்தான்.

*

அங்கே பிளாங்க் செய்த ஒரு காரியம்தான் இன்றுவரை ஐரோப்பாவில் ரௌலட்டின் தலையெழுத்து.

கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், ஒண்ணாம் கிளாஸ் கணக்குதான். ரௌலட் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள். இதுபோக பூஜ்ஜியம். அந்தக் காலத்தில் பல விடுதிகளில் ஒரு பூஜ்ஜியம், ஒரு இரட்டைப் பூஜ்ஜியம், ஆக 38 குழிகள். உருட்டிவிட்ட பந்து நீங்கள் பணம் கட்டிய எண்ணில் விழுந்தால், கட்டியதுபோல் 35 மடங்கு தருவார்கள். கட்டிய பணமும் திரும்ப வரும். 36 எண்கள் மட்டும் இருந்தால் இது நியாயமான ஆட்டம். பூஜ்ஜியம்தான் முதலாளியின் கூலி.

பிளாங்க் இரண்டு பூஜ்ஜியத்தில் ஒன்றை எடுத்துவிட்டார். போட்டியாளர்கள் சிரித்திருப்பார்கள். லாபத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறானே, பைத்தியமா? கிடையாது. நூறு ரூபாய்க்கு ஐந்தேகால் ரூபாய் எடுத்துக்கொண்டிருந்த இடத்தில், இவர் இரண்டே முக்காலுக்கும் கொஞ்சம் குறைவாக எடுத்தார். ஆடுகிறவனுக்குப் பணம் மெதுவாகக் கரையும். மெதுவாகக் கரைந்தால் ரொம்ப நேரம் உட்காருவான். ரொம்ப நேரம் உட்கார்ந்தால்...

அதான் சங்கதி. சகுனிக்குப் பகடையில் மந்திரம் வேண்டியிருந்தது. பிளாங்குக்கு ஒரே ஒரு பூஜ்ஜியம் போதுமாக இருந்தது.

1 முதல் 36 வரையிலான எண்களைக் கூட்டிப் பாருங்கள். 666 வரும். பைபிளில் சாத்தானோடு சம்பந்தப்பட்ட எண். பிளாங்க் சாத்தானுக்கு ஆத்மாவை எழுதிக்கொடுத்து இந்த வித்தையை வாங்கினார் என்று ஒரு கதை கிளம்பியது. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. விளம்பரம்தானே?

1863-ல் பிளாங்க் மொனாக்கோவுக்கு வந்து 17 லட்சம் பிராங்க் கொடுத்து உரிமத்தை வாங்கினார். ஐம்பது வருடத்துக்கு. இளவரசருக்கு ஆண்டுத் தொகை, லாபத்தில் பங்கு. கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் நிற்கிறார்கள். 'கடல் குளியல் சங்கம்' என்று அர்த்தம் வருகிற பெயர். சூதாட்டம் என்கிற சொல்லே அதில் இல்லை. இன்றைக்கும் அந்தக் கம்பெனி அதே பெயரில் இருக்கிறது. பெரும்பங்கு அரசாங்கத்தின் கையில்.

அந்த வெற்று மேட்டுக்கு அப்போது ஸ்பெலுக் என்று பெயர். குகைகள் என்று அர்த்தம். திருட்டுப்பயல்கள் பதுங்குகிற பொந்து என்கிற தொனியும் அந்தச் சொல்லுக்கு உண்டு. வியாபாரத்துக்கு ஆகுமா? 1866-ல் பெயரை மாற்றினார்கள். இளவரசர் சார்லஸின் பெயரால், சார்லஸின் மலை. இத்தாலிய மொழியில் மான்டி கார்லோ.

1864-ல் ஓட்டல் தெ பாரி வந்தது. 1868-ல் ரயில் வந்தது. அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ரஷ்யப் பிரபுக்கள், ஆங்கிலேயச் சீமான்கள், நாடக நடிகைகள், நாடிழந்த மன்னர்கள். பிரஷ்யா ஜெர்மன் சூதாட்ட விடுதிகளை 1872-ம் வருடக் கடைசியோடு மூடியபோது மிச்சமிருந்த கூட்டமும் இங்கே திரும்பியது.

1869-லேயே இளவரசர் ஒரு காரியம் செய்துவிட்டார். மக்களுக்கு நேரடி வரிகள் ரத்து. எந்த வரியால் முக்கால் நாட்டுக்கும் மேல் பறிபோனதோ, அந்த வரியே இனி கிடையாது. எல்லாச் செலவையும் சக்கரம் பார்த்துக்கொள்ளும். கூடவே இன்னொரு கட்டளை. மொனாக்கோ குடிமகன் எவனும் சூதாட்டக்கூடத்தில் ஆடக்கூடாது. விஷம் விற்கிறவன் தன் பிள்ளைகளை அந்த அலமாரிப் பக்கம் விடுவானா?

பிளாங்க் என்றால் பிரெஞ்சில் வெள்ளை. ரௌலட்டில் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு நிறங்கள். ஊரில் ஒரு ஜோக் உலவியது. சிலசமயம் சிவப்பு ஜெயிக்கும். சிலசமயம் கறுப்பு ஜெயிக்கும். ஆனால் எப்போதும் ஜெயிப்பது வெள்ளைதான்.

*

துறைமுகத்திலிருந்து இடது பக்க மேட்டில் ஏறினால் (நடக்க முடியாதவர்களுக்கு ஊர் முழுக்கப் பொது லிஃப்ட்கள் இருக்கின்றன, காசு கிடையாது) காஸினோ சதுக்கம். பாரிஸ் ஆபரா மாளிகையைக் கட்டிய சார்லஸ் கார்னியே இங்கே கட்டிய ஆபரா அரங்கம் 1879-ல் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க பிளாங்க் இல்லை. 1877-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். காலை நேரத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே சுற்றிப் பார்க்கலாம். தங்க முலாம், சலவைக்கல், ஓவியங்கள். மாலையானால் ஒழுங்காக உடுத்திக்கொண்டு போகவேண்டும். பதினெட்டு வயதாகியிருக்கவேண்டும். அடையாள அட்டை கேட்பார்கள். அப்படியே ஓட்டல் தெ பாரியின் முகப்புக் கூடத்தில் பதினான்காம் லூயி குதிரைமேல் இருக்கிற வெண்கலச் சிலையைப் பாருங்கள். குதிரையின் கால்முட்டி மட்டும் பளபளவென்று மின்னும். ஆடப்போகிறவர்கள் அதிர்ஷ்டத்துக்காகத் தடவித் தடவித் தேய்த்தது.

அதிர்ஷ்டம் எப்பேர்ப்பட்டது என்பதற்கு இரண்டு கதைகள்.

1891-ல் சார்லஸ் வெல்ஸ் என்கிற ஆங்கிலேயர் இங்கே வந்து வெளுத்து வாங்கினார். ஒவ்வொரு மேஜைக்கும் ஆரம்பத்தில் ஒரு தொகை வைத்திருப்பார்கள். அதை ஒருவர் மொத்தமாக ஜெயித்துவிட்டால் மேஜைமேல் கறுப்புத் துணி போர்த்தி, துக்கம் கொண்டாடுவதுபோல் ஆட்டத்தை நிறுத்துவார்கள். பெட்டகத்திலிருந்து பணம் வரும். ஆட்டம் தொடரும். வெல்ஸ் இப்படிப் பலமுறை துணி போர்த்த வைத்தார். லண்டனில் அவரைப்பற்றிப் பாட்டே வந்தது. விடுதிக்காரர்கள் அழுதார்களா? குஷியாகிவிட்டார்கள். ஒருத்தன் ஜெயித்தான் என்று பாட்டு பாடினால் ஆயிரம் பேர் டிக்கெட் எடுப்பான். வெல்ஸும் திரும்ப வந்தார், தோற்றார். ஊர்ப்பட்டவர்களை ஏமாற்றித்தான் அவர் பணம் புரட்டியிருந்தார் என்பதும் வெளியே வந்தது. 1893-ல் எட்டு வருடம் சிறை. 1922-ல் பாரிஸில் கையில் காசில்லாமல் செத்துப்போனார்.

இரண்டாவது கதை, 1913 ஆகஸ்ட் 18. ஒரு மேஜையில் பந்து கறுப்பில் விழுந்தது. மறுபடி கறுப்பு. மறுபடி, மறுபடி. பத்து, பதினைந்து. கூட்டம் மொய்த்தது. 'இத்தனை தடவை கறுப்பு வந்தாச்சு, அடுத்தது சிவப்பாகத்தான் இருக்கணும்.' எல்லாரும் சிவப்பில் கொட்டினார்கள். கறுப்பு. பணத்தை இரட்டிப்பாக்கிக் கொட்டினார்கள். கறுப்பு. தொடர்ந்து 26 முறை கறுப்பு! இப்படி நடக்கப் பதின்மூன்று கோடியில் ஒரு வாய்ப்புகூடக் கிடையாது. ஆனால் இருபத்தைந்து முறை கறுப்பு வந்த பிறகு, இருபத்தாறாவது முறை கறுப்பு வர எவ்வளவு வாய்ப்பு? முதல் முறை இருந்த அதே பாதிக்குச் சற்றே குறைவான வாய்ப்புதான். பந்துக்கு ஞாபகசக்தி கிடையாது. நமக்குத்தான் இருக்கிறது. இந்தத் தப்புக் கணக்குக்கு இன்றும் 'மான்டி கார்லோ பிழை' என்றே பெயர்.

அன்றிரவு லட்சக்கணக்கில் தோற்றவர்கள் என்ன ஆனார்கள்? எல்லோருக்கும் பாட்டு எழுதமாட்டார்கள். அந்தக் காலத்தில், ஒட்டாண்டியானவன் உள்ளூரில் கிடந்து தற்கொலை அது இதுவென்று வம்பு வைக்கக்கூடாது என்பதற்காகவே, விடுதியில் அவனுக்கு வழிச்செலவுப் பணம் கொடுத்து ரயிலேற்றி விடுவார்கள். தருமம்தான். ஆனால் அந்தக் கடனை அடைக்கும்வரை மறுபடி உள்ளே காலெடுத்து வைக்க முடியாது.

*

சக்கரத்தின் காசில் நல்லதும் நடந்தது. அடுத்த இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டுக்குச் சூதாட்டத்தில் பிடிப்பில்லை. கடல்தான் பைத்தியம். ஆராய்ச்சிக் கப்பலில் சுற்றியபடியே இருந்தார். 1910-ல் அவர் திறந்த கடலியல் அருங்காட்சியகம், பாறையின் விளிம்பில் கடலுக்கு நேரே செங்குத்தாக நிற்கிறது. ஒரே ஒரு கட்டடம்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். காஸினோவை அல்ல.

அதே 1910-ல் மக்கள் ராஜாவுக்கு எதிராகத் திரண்டார்கள். வரி இல்லை, சரி. உரிமை எங்கே? நல்ல உத்தியோகங்களில் எல்லாம் வெளியாட்கள். 1911-ல் முதல்முறையாக அரசியல் சட்டம் கிடைத்தது.

இருட்டான பக்கம் ஒன்றும் இருக்கிறது. சுற்றுலாக் கையேடுகள் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடும். இரண்டாம் உலகப் போரில் மொனாக்கோ நடுநிலை நாடு. நாஜிகளுக்குப் பயந்து ஓடிவந்த யூதர்கள் அங்கே ஒதுங்கினார்கள். 1942 ஆகஸ்ட் 27 நள்ளிரவு, மொனாக்கோ போலீஸே அவர்களைக் கதவைத் தட்டி எழுப்பிப் பிடித்துக் கொடுத்தது. பெரும்பாலானோர் முகாம்களிலிருந்து திரும்பவில்லை. எழுபத்து மூன்று வருடம் கழித்து, 2015-ல், இளவரசர் இரண்டாம் ஆல்பர்ட் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஒதுங்க இடம் கேட்டு வந்த சாமியாருக்குக் கதவைத் திறந்து உருவான தேசம், நிஜமாகவே ஒதுங்க இடம் கேட்டு வந்தவர்களைக் கைவிட்டது.

*

போருக்குப் பிறகு சக்கரம் மந்தமாகிவிட்டது. 1933-லேயே பிரான்ஸ் தன் விடுதிகளில் ரௌலட்டை அனுமதித்துவிட்டது. ஏகபோகம் போச்சு. 1949-ல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் ரெய்னியருக்குக் கல்யாணமும் ஆகவில்லை. 1918-ல் போட்ட ஒப்பந்தப்படி, வாரிசு இல்லாவிட்டால் நாடு பிரான்ஸின் பாதுகாப்பின்கீழ் போய்விடும்.

1955 மே மாதம், கேன்ஸ் திரைப்பட விழாவுக்கு வந்த ஒரு ஹாலிவுட் நடிகை, பத்திரிகைப் புகைப்படத்துக்காக அரண்மனையைப் பார்க்க வந்தார். கிரேஸ் கெல்லி. ஹிட்ச்காக் படங்களின் நாயகி. ஆஸ்கர் வாங்கிய கை. பதினோரு மாதத்தில், 1956 ஏப்ரலில் கல்யாணம். ஐரோப்பாவின் தொலைக்காட்சிகள் நேரடியாக ஒளிபரப்பின. எத்தனை கோடி விளம்பரத்துக்குச் சமம் என்று பிளாங்க் இருந்திருந்தால் கணக்குப் போட்டுச் சொல்லியிருப்பார். 1958-ல் ஆண் வாரிசும் பிறந்தாயிற்று.

ஆனால் 1962-ல் நிஜமான சோதனை வந்தது. பிரான்ஸில் வரி. மொனாக்கோவில் வரி இல்லை. பிரெஞ்சுப் பணக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பெட்டி படுக்கையோடு குடிவந்தார்கள். அதிபர் டி காலுக்குக் கோபம். அக்டோபரில் ஒரு நள்ளிரவு, பிரெஞ்சு சுங்க அதிகாரிகள் எல்லையில் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்தினார்கள். தண்ணீர், மின்சாரம், சாப்பாடு எல்லாமே பிரான்ஸிலிருந்து வரவேண்டிய நாடு. கழுத்தில் கை வைத்தாயிற்று. ஒரு துப்பாக்கி தேவைப்படவில்லை.

1963-ல் ரெய்னியர் இறங்கி வந்தார். புதிதாகக் குடிவந்த பிரெஞ்சுக்காரர்கள் பிரான்ஸுக்கு வரி கட்டவேண்டும். மற்ற நாட்டுக்காரர்களுக்கு அந்த நிபந்தனை இல்லை. அதுபோதும். கடை மறுபடி திறந்துவிட்டது, வேறு வாடிக்கையாளர்களோடு. கப்பல் முதலாளி ஒனாசிஸ் 'கடல் குளியல் சங்க'த்தின் பங்குகளை வாங்கிக் குவித்து வைத்திருந்தார். ரெய்னியர் ஆறு லட்சம் புதிய பங்குகளை உருவாக்கி அரசாங்கத்தின் கையில் வைத்துக்கொண்டு, 1967-ல் அவரையும் வெளியே அனுப்பினார். மலிஸியாவின் ரத்தம் இல்லையா?

1982 செப்டம்பரில் கிரேஸ் ஓட்டிச்சென்ற கார் மலைச்சாலையிலிருந்து உருண்டது. மறுநாள் இறந்தார். தேவாலயத்தில் கூட்டம் மொய்க்கிற அந்தக் கல்லறை அவருடையதுதான். 2005-ல் ரெய்னியரும் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டார்.

*

இன்றைக்கு மொனாக்கோ அரசின் வருமானத்தில் சூதாட்டத்தின் பங்கு ரொம்பச் சின்னது. ஏறத்தாழ பாதி, பொருட்கள்மீதும் சேவைகள்மீதும் விழுகிற மறைமுக வரியிலிருந்து வருகிறது. சுமார் 38 ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். அதில் சொந்தக் குடிமக்கள் பத்தாயிரம்கூட இல்லை. தினமும் காலையில், பிரான்ஸிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் அதைவிட அதிகமான பேர் வேலைக்கு வந்து, சாயங்காலம் திரும்பிப் போகிறார்கள். சமையல்காரர், கொத்தனார், நர்ஸ், வங்கி குமாஸ்தா. ஊரைத் துடைத்து மினுக்குகிறவர்கள் அந்த ஊரில் குடியிருக்கக் கட்டுப்படியாகாது. ரயில் நிலையத்தில் சாயங்காலம் நின்றால் அந்தக் கூட்டத்தைப் பார்க்கலாம். எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் போடாத, ஆனால் கட்டாயம் பார்க்கவேண்டிய காட்சி.

நிலம் தீர்ந்துவிட்டது. ஆகவே கடலைத் தூர்க்கிறார்கள். 1970-களில் 22 ஹெக்டேர். 2024 டிசம்பரில் இன்னொரு ஆறு ஹெக்டேர். 1861-ல் கைவிட்ட நிலத்தைக் கடலிடமிருந்து கையளவு கையளவாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதே 2024-ல், பண மோசடியைக் கண்காணிக்கிற சர்வதேச அமைப்பு மொனாக்கோவைச் சாம்பல் பட்டியலில் சேர்த்தது. பணம் எங்கிருந்து வருகிறது என்று இன்னும் கறாராகக் கேளுங்கள் என்றது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்ததுதானே இந்த ஊரின் மூலதனமாக இருந்தது?

ராத்திரி கடைசி ரயிலுக்கு முன்னால் காஸினோ சதுக்கத்தில் ஒரு சுற்று வாருங்கள். விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே அழகாக இருக்கும். வாசலில் வந்து நிற்கிற கார்களை வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். அதில் நீங்களும் ஒருவர். உள்ளே சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு.

நடுவில் அந்த ஒற்றைப் பூஜ்ஜியம், அதன் முறைக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும்.